ஒடஞ்ச சாவியும் ஒரு வெந்நீர்ப் பையும்

நம்ம தொழிலுக்குப் புதுசா வந்திருக்கிற கண்ணுகளா, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கார் கதவுல சாவி ஒடஞ்சு நின்னா அத எப்படி எடுக்கறதுன்னு நான் பாடம் நடத்தப் போறதில்ல. அதுக்குத்தான் உங்க ஒவ்வொருத்தர் போன்லயும் ஆயிரம் வீடியோ கெடக்குதே. அந்த மாதிரி ஒரு வீடியோவப் பாத்துட்டுத்தான் ஊட்டிக்குச் சுத்திப்பாக்க வந்த ஒரு மகராசன் தீக்குச்சி நுனியில பசையத் தடவி, ஒடஞ்ச சாவியோட ஒட்டி, இழுத்துறலாம்னு பாத்தாரு. சாவியும் வரல, தீக்குச்சியும் வரல. பசை உள்ள எறங்கி, பூட்டு கல்லா நின்னுபோச்சு. முழுப் பூட்டையும் கழட்டித்தான் மாத்துனேன். அவரு பக்கத்துல நின்னுட்டு, "வீடியோல ஈசியா வந்துச்சுங்க"ன்னு என்னையே கொறை சொன்னாரு. வயித்தெரிச்சல்!

கை எல்லாத்துக்கும் பழகிரும் கண்ணுகளா. ஒரு வருசம் கடையில உக்காந்தீங்கன்னா உங்க விரலே பூட்டுக்குள்ள வழி கண்டுபிடிச்சுக்கும். எங்க நிறுத்தறது, எதச் சொல்றது, எத முழுங்கறதுங்கறதுதான் பழகாது. அத எனக்குக் காட்டுனது ஒரு டாக்சி ஓட்டற பொண்ணு. நான் கடைய மருமகன்கிட்ட விடறதுக்குக் கொஞ்சம் முந்தி நடந்த கதை. இன்னைக்கும் அந்தப் புள்ளையப் பத்திப் பேசுனா எனக்குக் கொரலே மாறிரும். என்ற ஊட்டுக்காரி கேலி பண்ணுவா, "ஆரம்பிச்சுட்டாரு, சந்திரா புராணம்"னு. பண்ணிட்டுப் போகட்டும்.

தை மாசம். நாங்க இருக்கறது ஊட்டிக்குப் பக்கத்துல தலைகுந்தாவுல. அங்க அந்த மாசத்துல காலையில கதவத் தொறந்தா புல்லெல்லாம் உப்பக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கும். பல்லு வெளக்கறதுக்கே மனசு வராது. அந்த நேரத்துல போன்.

"அண்ணே, எம் பேரு சந்திரா. கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட் லயத்துல இருந்து பேசுறேன். டாக்சி வேன் ஓட்டுறேன். டிரைவர் கதவுல சாவி ஒடஞ்சிருச்சு. துண்டு முழுசா உள்ள நிக்குது, வெளிய நீட்டிக்கிட்டு இல்ல. கொஞ்சம் திரும்புன நெலமையில மாட்டியிருக்கு. நான் யாரையும் தொட விடல. ஊட்டிக்கு டயாலிசிஸுக்கு ஒரு பெரியவரக் கூட்டிட்டுப் போகணும்ணே."

நான் அசந்து போயிட்டேன். நமக்கு வர்ற போன் எப்படி இருக்கும்? "சீக்கிரம் வாங்க!" என்னாச்சுங்கன்னு கேட்டா அதுக்கும் "சீக்கிரம் வாங்க!" எந்த வண்டின்னு கேட்டா "வெள்ளை வண்டி!" இந்தப் புள்ள பதறாம, நான் எதையெதைக் கொண்டாரணுங்கறதையே எனக்குச் சொல்லிடுச்சு. துண்டு திரும்பி நிக்குதுன்னு அது சொன்னது பெரிய விசயம். திரும்பி நிக்கற சாவி எவ்வளவு இழுத்தாலும் வராது. முதல்ல நேராக்கணும், அப்புறந்தான் இழுக்கணும். அது தெரியாம இழுத்து இழுத்தே பூட்டக் கெடுத்தவங்க எத்தனை பேரு.

"இன்னொரு சாவி இல்லியாம்மா?"

"வண்டிய பழசா வாங்குறப்பவே ஒண்ணுதான் இருந்துச்சுங்கண்ணே."

அதுக்கு ஒரு திட்டு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. வண்டி வாங்குன அன்னைக்கே ரெண்டாஞ்சாவி போடாதவங்களக் கண்டா எனக்கு ஆகாது. சரி, போய்த் திட்டிக்கலாம்னு மங்கிக் குல்லாவ மாட்டிட்டு பைக்க எடுத்தேன்.

போற வழியெல்லாம் பனி பட்டுக் கருகுன தேயிலை. தொழிலாளிங்க குடியிருக்கற அந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தா, வேனச் சுத்தி ஒரு கூட்டம். ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருத்தர் கையில ஊசி, இன்னொருத்தர் கையில சுத்தியல். நடுவுல, சால்வையச் சுத்திட்டு ஒரு பொண்ணு, உள்ளங்கையால சாவி ஓட்டைய மூடிட்டு நிக்குது. பச்சப் புள்ளையோட உச்சந்தலைய மறைச்சு நிப்பாங்களே, அப்படி. நான் பைக்க நிறுத்துன பின்னாலதான் கையவே எடுத்துச்சு.

அக்கட்டால ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில பெரியவரு. பேரு செல்லையா. சின்ன வயசுல தாய் தகப்பனோட சிலோன்ல இருந்து வந்து, காலமெல்லாம் அந்த எஸ்டேட்லயே வேல பாத்தவரு. சம்சாரம் போய்ச் சேர்ந்தாச்சு, மகன் திருப்பூர்ல. சந்திராவுக்கு அவரு பக்கத்து ஊட்டுக்காரரு, அவ்வளவுதான். ஆனா அந்தப் புள்ள "பெரியப்பா, பெரியப்பா"ங்குது. கம்பளியப் போத்திட்டு, மடியில ரப்பர் வெந்நீர்ப் பைய வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. மொகம் ஊதியிருக்குது. காலு ரெண்டும் வீங்கி, செருப்பு ஏறாம, வெறுங்கால்ல சாக்கு மேல வெச்சிருந்தாரு. ரெண்டு வார்த்தை பேசுனா ஒரு மூச்சு வாங்கறாரு.

எனக்குத் தேத்தண்ணி கொண்டாந்த அம்மா காதோட சொன்னாங்க: "போன மொறை போகலைங்க. 'போதும், விட்ருங்க'ன்னுட்டாரு. நேத்துப் பூரா சந்திரா கெஞ்சிக் கூத்தாடி, சாயங்காலந்தான் சரின்னாரு. இன்னைக்கும் போகலைன்னா நெஞ்சுல தண்ணி சேந்துரும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க."

அதுக்குள்ள பெரியவரே என்னையக் கூப்பிட்டாரு.

"தம்பி, பனியில இவ்வளவு தூரம் வந்தீங்க. என்னால எல்லாருக்கும் கரைச்சல்." தொந்தரவுக்கு சிலோன்காரங்க சொல்ற வார்த்தை அது. "போக வேணாம்னு சாவியே சொல்லிருச்சு. நான் உள்ள போய்ப் படுக்குறேன். அந்தப் புள்ளைக்கு வேற சவாரி இருக்கும், அதப் பாக்கச் சொல்லுங்க."

சொல்லிட்டு நாற்காலிக் கையப் புடிச்சு எந்திரிக்கப் பாத்தாரு. அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரியும், அவரு இப்ப உள்ள போயிட்டாருன்னா அப்புறம் வெளிய வரமாட்டாருன்னு. சந்திரா திரும்பிக்கூடப் பாக்காம, "உக்காருங்க பெரியப்பா, இன்னும் நேரம் இருக்கு"ன்னுச்சு. "மழை பெய்யுது, கொடையக் கொண்டுபோ"ங்கற மாதிரி அவ்வளவு சாதாரணமா. அவரும் என்னமோ உக்காந்துட்டாரு.

"கண்ணாடிய ஒடைச்சிரலாமே!"ன்னாரு சுத்தியல்காரரு. நியாயமான யோசனைதான். உசுரு போற அவசரத்துல கண்ணாடியப் பாக்கக்கூடாது, அத நீங்களும் மறக்கக்கூடாது. ஆனா இங்க கண்ணாடிய ஒடைச்சுக் கதவத் தொறந்துட்டா, வண்டிய எதால ஸ்டார்ட் பண்றது? அது பழைய வேனு, கதவுக்கும் இஞ்சினுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியோட பல்லெல்லாம் பூட்டுக்குள்ள மாட்டியிருக்குது. அந்தத் துண்டு முழுசா வெளிய வந்தாத்தான் வண்டி நகரும். டிரில் போட்டாலும் போச்சு, வளைச்சாலும் போச்சு.

நான் இத சந்திராகிட்ட வெளக்க வாயெடுத்தேன். அது முந்திக்கிச்சு. "துண்டு வேணும்ணே, அதான் ஒடைக்க விடல. இன்னொரு டாக்சிக்கும் சொல்லி வச்சிருக்கேன், கூடலூர்ப் பக்கம் இருந்து வரணும். எது முந்துதோ அதுல போயிருவோம்." அப்புறம் கொரலத் தணிச்சு, "ஆனா வேற வண்டியில ஏற மாட்டாருண்ணே. அத சாக்கா வெச்சு உள்ள போயிருவாரு"ன்னுச்சு.

பாருங்க கண்ணுகளா, ரெண்டு வழியும் யோசிச்சு வெச்சிருக்குது, ரெண்டுல எது நெசமான வழின்னும் தெரிஞ்சு வெச்சிருக்குது. நம்ம தொழில்ல முப்பது வருசம் குப்பை கொட்டுனவங்ககூட அவ்வளவு தெளிவா நிக்க மாட்டாங்க.

சரின்னு குனிஞ்சேன். கைக்குப் பழகுன வேல, துருவா இருக்கும்னு நெனச்சு எண்ணெய் ஸ்பிரேய எடுத்துட்டேன். அடிக்கப் போறப்ப ஒரு சந்தேகம். துருன்னா சாவி இவ்வளவு தூரம் உள்ள போயிருக்காதே? ஸ்பிரேயக் கீழ வெச்சுட்டு, ஆக்சா பிளேட மெல்லிசா ராவிச் செஞ்ச கொக்கியோட நுனிய மட்டும் மெதுவா விட்டு எடுத்துப் பாத்தேன். நுனியில வெள்ளையா, மெழுகு மாதிரி ஒட்டியிருக்குது. மோந்து பாத்தேன்.

"தேங்காயெண்ணெய்!"ன்னு கத்திட்டேன். "எந்தப் புண்ணியவானுங்க பூட்டுக்குள்ள தேங்காயெண்ணெய ஊத்துனது?"

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கோயமுத்தூர்ல அது எண்ணெய். இங்க தை மாசத்துல அது கட்டி. பாட்டிலக் கவுத்துப் போட்டாலும் ஒரு சொட்டு விழாது. பூட்டுக்குள்ள இருக்கற சின்னச் சின்னத் தகடெல்லாம் அதுல உறைஞ்சு, ஒண்ணும் அசைய முடியாம நின்னுருச்சு. சாவியோ தேஞ்சுபோன கெழட்டுச் சாவி. அவசரத்துல திருப்புனதும் மளுக்குன்னு போயிருச்சு.

கத்திட்டுத் தலையத் தூக்கறேன், எதுத்தாப்புல செல்லையா. மொகம் செத்துப்போச்சு. வெந்நீர்ப் பைய ஒரு கையால இறுக்கிப் புடிச்சிட்டுத் தரையப் பாக்கறாரு. இன்னொரு கை நாற்காலியத் தேடுது, எந்திரிக்க.

"நாந்தாண்ணே"ன்னு சந்திரா சொல்லுச்சு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி. "நேத்து பூட்டு இறுக்கமா இருந்துச்சு. நாந்தான் ஊத்துனேன்."

எனக்கு மூக்கு மேல கோவம். இத்தனை புத்தியா இருந்த புள்ள இப்படிப் பண்ணியிருக்குதேன்னு திரும்புனேன். அது கையில ஒடஞ்ச சாவியோட தலைப்பாகம் வளையத்தோட தொங்குது. அந்த வளையத்துல நூலப் போட்டு ஒரு குட்டிப் பென்சில் கட்டியிருக்குது. பென்சில் முனைய சாவிப் பல்லுல தேச்சு விட்டா பூட்டு வழுவழுன்னு ஓடும், எந்தப் பனிக்கும் உறையாது. இந்த மலையில வண்டி ஓட்டிப் பழகுன கெட்டிக்காரங்க பண்ற வேல அது. பென்சிலக் கட்டி வெச்சிருக்கற கை தேங்காயெண்ணெய ஊத்துமா? சத்தியமா ஊத்தாது.

பென்சிலப் பாத்தேன். பெரியவரப் பாத்தேன். அந்தப் புள்ள என்னையப் பாத்துச்சு. கெஞ்சல, கண்ணக்கூடக் காட்டல. சும்மா பாத்துச்சு.

ஏற்கெனவே தன்னால ஊருக்கே கரைச்சல்னு நெனச்சிட்டிருக்கற மனுசன். சாவி ஒடஞ்சதும் அவராலதான்னு இத்தனை பேர் முன்னாடி வெளிய வந்தா, அவ்வளவுதான், கதவச் சாத்திட்டு உள்ள படுத்துருவாரு. நான் போட்ட சத்தத்துல அது பாதி நடந்தே போச்சு. மீதிய அந்தப் புள்ள ஒத்தை வார்த்தையில நிறுத்திருச்சு.

அப்புறம் நான் என்ன பண்ணுனேன்னு கேக்கறீங்களா? திட்டுனேன். வாழ்க்கையில யாரையும் அப்படித் திட்டுனதில்ல.

"ஏம்மா, நீ மலையில பொறந்தவதானா? ஊட்டுல தேங்காயெண்ணெய் பாட்டில அடுப்போரமா வெச்சுத்தான எடுக்கறீங்க? இரும்புப் பூட்டுக்குள்ள மட்டும் அது பாயாசம் மாதிரி ஓடுமா? வண்டி ஓட்டத் தெரிஞ்சாப் போதுமா, வண்டிய வெச்சுக்கத் தெரிய வேணாமா? லைசன்ஸ் குடுத்தவங்களச் சொல்லணும்! ரெண்டாஞ்சாவியும் கெடையாது, அறிவும் கெடையாது!"

ரெண்டாஞ்சாவித் திட்டு மட்டும் நெசம். சந்திரா தலையக் குனிஞ்சு, "தப்புதாண்ணே, தப்புதாண்ணே"ன்னு வாங்கிக்கிச்சு. பாத்துட்டிருந்தவங்க, "விடுங்க, பாவம், சின்னப் புள்ளதான"ன்னு எனக்கே சமாதானம் சொன்னாங்க. பெரியவரோட கை நாற்காலியத் தேடறத நிறுத்திருச்சு. நான் அதத்தான் பாத்துட்டிருந்தேன்.

இப்ப எண்ணெய உருக்கணும். சுடுதண்ணி ஊத்தலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ஊத்துனா உருகும், தண்ணி உள்ள நின்னு நாளைக்குக் காலையில அதுவே ஐஸாகி மறுபடி பூட்டும். நெருப்பக் காட்டுனா கதவு பெயிண்ட்டு போயிரும், கைக்கும் ஆபத்து. நான் என்ன செய்யலாம்னு யோசிக்கறேன். சந்திரா நேராப் போய் பெரியவர் முன்னால நின்னுச்சு.

"பெரியப்பா, உங்க வெந்நீர்ப் பை வேணும். நீங்கதான் புடிக்கணும். எங்க கை எல்லாம் நடுங்குது."

யாரு கையும் நடுங்கல, கண்ணுகளா. அது கை கல்லு மாதிரி இருந்துச்சு.

நாற்காலியோட அவரத் தூக்கி வேன் கதவுகிட்ட வெச்சோம். அவரு வெந்நீர்ப் பைய சாவி ஓட்டை மேல அழுத்திப் புடிச்சாரு. மூச்சு வாங்குது, ஆனா பை நகரல. "போதுமா தம்பி?" "இன்னுங் கொஞ்சங்க." "இப்ப?" "சித்த நேரம் பொறுங்க ஐயா." போகப்போக அவரே என்னைய அதட்ட ஆரம்பிச்சுட்டாரு. "அவசரப்படாதீங்க தம்பி, இந்த ஓரம் இன்னும் சில்லுன்னு இருக்கு."

பைய எடுக்கச் சொல்லிட்டு, சின்ன ஸ்குரூ டிரைவர் நுனியால சாவித் துண்ட மெதுவா நேராக்கிப் பாத்தேன். நகந்துச்சு. கொக்கிய பல்லோரமா விட்டு இழுத்தேன். ஒரு மயிரிழை வந்து நின்னுச்சு. இந்த எடத்துலதான் கண்ணுகளா, கை பரபரங்கும், ஒரே இழுப்பா இழுத்துரலாம்னு. துண்டு ரெண்டாச்சுன்னா கதை முடிஞ்சுது. நான் கொக்கிய விட்டுட்டேன். "ஐயா, இன்னொருக்கா வைங்க"ன்னேன். அவரு வெச்சாரு. மறுபடி கொக்கி போட்டதும், எண்ணெயோட வழுக்கிட்டு முழுத் துண்டும் என் கைக்கே வந்துருச்சு.

லயமே கத்துச்சு. தேத்தண்ணி கொண்டாந்த அம்மா அழுதே போட்டாங்க. சந்திரா மட்டும் கத்தவும் இல்ல, அழுகவும் இல்ல. துண்டத் துணியில தொடச்சு, என் நோஸ் பிளேயரால புடிச்சு, அதவெச்சே பூட்டத் திருப்பிக் கதவத் தொறந்து, ஏறி உக்காந்து, இஞ்சின் ஓட்டையில விட்டு, அதே பிளேயரால திருப்புச்சு. முக்குச்சு, முனகுச்சு, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு.

இஞ்சின் சூடாகட்டும்னு விட்டுட்டு, அது முன் கண்ணாடிப் பனியச் சுரண்டப் போச்சு. நான் பெரியவரக் கைத்தாங்கலா ஏத்தி உக்கார வெச்சேன். கம்பளியச் சரி பண்றப்ப என் கையப் புடிச்சு இழுத்தாரு.

"ரொம்பத் திட்டிட்டீங்க தம்பி."

"அது... என்னங்க பண்றது, தப்பு பண்ணுனா..."

"அந்த எண்ணெ நான் ஊத்துனது." மூச்ச இழுத்து விட்டாரு. "ஒடம்பு அரிப்புக்குத் தடவுறதுக்கு அடுப்புகிட்ட எண்ணெ வச்சிருப்பேன். நேத்து அந்தப் புள்ள கதவோட மல்லுக்கட்டுறதப் பாத்தேன். எனக்காக இவ்வளவு செய்யுதே, நம்மளால ஒண்ணாச்சும் செய்வோம்னு ஊத்துனேன். காலையில சாவி ஒடஞ்ச சத்தம் கேட்டதுமே எனக்கு வெளங்கிருச்சு."

வெளிய சந்திரா கண்ணாடியச் சுரண்டற சத்தம் மட்டும் கேக்குது.

"அதுக்கும் வெளங்கிருச்சு போல. என் பழிய அது ஏத்துக்கிருச்சு. நீங்க திட்டுனதையும் நின்னு வாங்கிக்கிருச்சு. இனிமே நான் வரலைன்னு எந்த வாயால சொல்லுவேன் தம்பி? எனக்குத் தெரியும்னு அதுக்கிட்ட சொல்லிறாதீங்க. சங்கடப்படும்."

"சொல்லலீங்க"ன்னேன். கண்ணு கலங்கிப்போச்சு. பனின்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன். வேன் வளைவுல எறங்கி மறையற வரைக்கும் சுத்தியல்காரரும் நானும் ஒண்ணா நின்னு பாத்துட்டிருந்தோம்.

ஒரு வாரம் கழிச்சு சந்திரா கடைக்கு வந்துச்சு. ஒடஞ்ச ரெண்டு துண்டையும் மேசை மேல வெச்சு, "ரெண்டு சாவி போடுங்கண்ணே, திட்டு வாங்கி அலுத்துப்போச்சு"ன்னு சிரிச்சுச்சு.

"பெரியவர் எப்படிம்மா?"

"ஒரு மொறைகூடத் தவறல. நான் கூப்பிடப் போறதுக்கு முன்னாடியே செருப்பப் போட்டு ரெடியா உக்காந்திருக்காரு. இப்ப காலுக்கு செருப்பு ஏறுது."

மெசின்ல சாவியப் பூட்டிக்கிட்டே கேட்டேன், "ரெண்டாஞ்சாவிய எங்க வெப்ப? வேனுக்குள்ளயே வெச்சுப் பூட்டிறாத."

"பெரியப்பா கையில குடுத்துருவேன். சாவி அவருகிட்ட இருந்தா, 'என்னைய விட்டுட்டுப் போ'ன்னு சொல்ல முடியாதில்ல."

மெசின் நின்னதும் ரெண்டு சாவியையும் துடைச்சுக் குடுத்தேன். வாங்கிட்டும் போகாம நின்னுச்சு. "அண்ணே, அந்த எண்ணெ விசயம். சாவி ஒடஞ்சு நான் குனிஞ்சப்பவே அவரு தடவுற எண்ணெ வாசம் வந்துருச்சு. அவருக்கு ஒண்ணும் சந்தேகம் வந்திருக்காதில்ல?"ன்னுச்சு.

"என்னம்மா சந்தேகம்? நீ ஊத்துன, நான் திட்டுனேன். அதோட முடிஞ்சுது"ன்னேன்.

அப்பாடான்னு மூச்சு விட்டுட்டு, ரெண்டாவது சாவியில பென்சில் கட்டறதுக்கு என்கிட்ட ஒரு நூல் கேட்டுச்சு.